முன்பக்கம் பெயர் போட்டால் அளவையும் போடச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய இந்தியத் தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள சேர்மானங்களை, அதிகம் உள்ளது முதலில் வரும்படி லேபிளில் வரிசையாக எழுத வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். எங்கள் சிக்கல் முழுக்க அந்த ஒரு சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

என் தங்கைக்குப் பிரசவத்துக்கு அப்புறம் கன்னத்தில் மங்கு விழுந்தது. சட்டென்று சிவந்து எரியும் தோல் அவளுக்கு. டெட்ராபெப்டைடு-30 என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு சீரத்தைத் தையல் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கினாள். நான்கு அமினோ அமிலங்கள் சேர்ந்த துண்டு அது; இப்படிப்பட்ட சிறு புரதத் துண்டுகளைப் பெப்டைடு என்பார்கள். வெயில் பட்ட தோலின் அழற்சியைத் தணிக்கும், தோலுக்கு நிறம் தரும் மெலனின் சுரப்பையும் மட்டுப்படுத்தும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மாதக்கணக்கில் பூசியும் மங்கு அப்படியே இருந்தது. தோல் மருத்துவர் கேட்டது ஒன்றுதான்: "இதில் பெப்டைடு எவ்வளவு இருக்கும்மா?"

புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வாசனைப் பொருளுக்கும் பின்னால் பெயர் மட்டும் இருந்தது. பெப்டைடுகளை மிகச் சிறிய அளவில்தான் சேர்ப்பார்கள், அதனால் கடைசியில் இருப்பது குற்றமில்லை. ஆனால் பலன் தரும் அளவு இருக்கிறதா, பெயருக்குச் சேர்த்தார்களா என்பதை மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. அது தெரியாமல் அவள் இன்னொரு புட்டி வாங்குவதா, விட்டுவிடுவதா?

சில நிறுவனங்கள் சதவீதம் போடுகின்றன. அதுவும் பல நேரம் பெப்டைடு கரைசலின் சதவீதம். கரைசலில் பெரும்பங்கு தண்ணீரும் கிளிசரினும். காய்ச்சல் மாத்திரை அட்டையில் 500 மி.கி. என்று தெளிவாக இருக்கிறதே, அதைத்தான் இங்கேயும் கேட்கிறோம். முன்பக்கம் பெயர் போட்டால் அளவையும் போடச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018இல், மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்-இல் சேர்த்தார்கள். இன்றும் எங்கள் பகுதியில் சீட்டு இல்லாமலே முகம் வெளுக்க வாங்கிப் பூசுகிறார்கள். பெண்ணின் நிறத்தைக் குறையாகக் காட்டும் விளம்பரங்களும் ஓய்ந்தபாடில்லை. சரி, அதையெல்லாம் தனியாக எழுத வேண்டும்.

இப்போதைக்கு ஒரே கோரிக்கை. முன்பக்கத்தில் ஒரு சேர்மானத்தின் பெயரைச் சொல்லி விற்றால், கரைசலின் அளவை அல்ல, அந்தச் சேர்மானத்தின் அளவையே அச்சிட வேண்டும் என்று விதியில் சேர்க்கப் பரிந்துரை செய்யுங்கள். உங்கள் பதிலைத் தயவுடன் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு நுகர்வோர்