விறகை மூடிக் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி அடைமழை நெருங்கினாலே, கோழியையும் மீனையும் புகையில் வாட்டி விற்கும் கடைக்காரர்களும், மொட்டைமாடியில் பார்பெக்யூ போடுகிறவர்களும் விறகு அட்டியைத் தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அப்புறம் கறி கசக்கிறது என்றதும் பழி சீமைக்கருவேல் மேல் விழுகிறது. டெக்சஸ் பக்கம் இறைச்சிக்குப் புகை போட விரும்பி எடுக்கும் மெஸ்கீட் மரத்துக்கு நம் சீமைக்கருவேல் நெருங்கிய சொந்தம். பெரும்பாலும் கசப்பு வருவது ஈரத்தால்தான். ஈர விறகு பற்றினால், தீயின் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். மரம் அரைகுறையாக எரிந்து வெள்ளை வெளேரென்று புகையைக் கக்கும். அதிலுள்ள தாரும் கரியும் கறியில் படியும். காய்ந்த விறகின் புகை மெல்லிசாக, லேசாக நீலம் பாரித்திருக்கும்.

மூடிய தார்ப்பாயை ஒரு காலை நேரத்தில் தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். பகல் வெயிலில் விறகும் தரையும் விட்ட ஆவி, வெளியே போக வழியில்லாமல் இரவில் குளிர்ந்து விறகின் மேலேயே சொட்டுகிறது. கொஞ்ச நாளில் பட்டைக்கடியில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மூட வேண்டியது தலையை மட்டும். தகரத்தை ஒரு பக்கம் சரிவாக வைத்து, விளிம்பு அரை அடியாவது வெளியே நீளட்டும். பக்கங்களைத் திறந்தே விடுங்கள். சாரல் அடிக்கும் திசையில் மட்டும் மழை நேரத்துக்கு ஒரு ஓலைத் தட்டி போதும். அடியில் ஹாலோபிளாக் கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள்; மண்ணில் படும் விறகைக் கரையான் விடாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கினால் காற்றும் புகும், கரையான் ஏறும் மண்கோடும் கண்ணுக்குப் படும். மண்கோட்டைக் கண்டால் தட்டிவிடுங்கள். பூச்சிமருந்தோ பழைய இன்ஜின் ஆயிலோ விறகில் படவே கூடாது; அது புகையோடு சாப்பாட்டில் சேரும்.

விறகை முழு உருளையாகப் போட்டு வைப்பதும் தப்பு. பட்டை ஈரத்தை விடாது, வெட்டுமுனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். ஆகவே ஓரடித் துண்டாக அறுத்து, மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்துவிட வேண்டும். மாசி, பங்குனியில் பிளந்து அடுக்கினால் புரட்டாசிக்குள் பக்குவமாகும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆனி, ஆடி மேல்காற்று நன்றாகவே உலர்த்திக் கொடுக்கும். தென்காசி, குற்றாலம் பக்கம் அதே மாதங்களில் சாரல் என்பதால் அங்கே இன்னும் கூடுதல் காலம் கொடுக்க வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு துண்டில் அடையாளம் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால் தயார். ஈரமானி வைத்திருப்பவர்கள் மேற்பரப்பில் குத்தி ஏமாற வேண்டாம். புதிதாகப் பிளந்த உள்முகத்தில் குத்திப் பார்த்து, 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருந்தால் எடுக்கலாம். இரண்டு துண்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் இன்னும் பச்சை.

கொய்யா, மா, புளி எல்லாம் இதே கணக்குத்தான். அரளி நஞ்சு, அட்டியில் ஒரு குச்சிகூடச் சேரக்கூடாது. பெயின்ட் அடித்த பலகையும் பிளைவுட் துண்டும் அப்படியே. அடைமழை நாட்களில் மறுநாளுக்கு வேண்டிய விறகை மட்டும் முதல்நாளே அடுப்படி ஓரம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.