பூட்டு இருக்கிறது, கட்டுவதற்குக் கம்பி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக நகரங்களில் துவிச்சக்கரவண்டித் திருட்டு பற்றிய தங்கள் செய்தியில், உரிமையாளர்கள் நல்ல பூட்டு வாங்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. சரி, வாங்கலாம். ஆனால் எதனோடு சேர்த்துப் பூட்டுவது? 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது சைக்கிளுக்கு மாறியவர்கள் இங்கும் உண்டு. ஹட்டன் பஸ் நிலையத்தருகே நான் கடைச் சுவரில்தான் வண்டியைச் சாய்த்து வைக்கிறேன். சக்கரத்தை மட்டும் பூட்டிய வண்டியை அப்படியே லொறியில் தூக்கிப் போட எவ்வளவு நேரமாகும்? மெல்லிய கேபிள் பூட்டென்றால் அதுகூட வேண்டாம், கட்டர் போதும்.

பஸ் நிலையத்திலும் புகையிரத நிலையத்திலும் நிலத்தில் பதித்த இரும்பு வளைவுகளை நகர சபை அமைத்தால், பிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து யூ வடிவப் பூட்டால் பூட்டலாம். பெரும்பாலும் பெடல் அச்சின் அடியில் பொறித்திருக்கும் பிரேம் இலக்கத்தையும் குறித்து வைத்தால் பொலிஸ் முறைப்பாட்டுக்கு உதவும்.

வாசகர், ஹட்டன்