அஸ்திவாரம் இறங்கிய காரணத்தைக் கண்டறியாமல் செய்த சீரமைப்புப் பணி குறித்த புகார்

அனுப்புநர்:
வீட்டின் உரிமையாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
அஸ்திவாரச் சீரமைப்புப் பிரிவு.

பொருள்: வடகிழக்கு மூலையில் செய்த கிரவுட்டிங் (மண்ணுக்குள் சிமெண்ட் கரைசலை அழுத்திச் செலுத்தும்) பணி பயனற்றுப் போனது, கட்டணத்தைத் திரும்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீட்டின் வடகிழக்கு மூலை இறங்கியதைச் சரிசெய்வதற்காக 2025 பிப்ரவரியில் தங்கள் நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தேன். ரூ. 1,85,000 முழுவதையும் செலுத்தி ரசீது பெற்றுள்ளேன். அந்த வேலை பயன் தரவில்லை. அத்துடன், இறக்கத்துக்கு உண்மைக் காரணமாக இருந்த கோளாறை அது மேலும் பெரிதாக்கிவிட்டது என்பதை இப்போது கண்ணால் பார்த்த பிறகே இந்தப் புகாரை எழுதுகிறேன்.

இது 1958-ல் என் தாத்தா கட்டிய வீடு. கான்கிரீட் தூண் ஒன்றுகூடக் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த கனமான சுவர்களே தேக்கு உத்திரங்களையும் அவற்றின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்த ‘மெட்ராஸ் ஒட்டு’ கூரையையும் தாங்குகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது கொல்லையில் நின்ற பலாமரம் வேரோடு சாய்ந்தது; சுவரில் மயிரிழை விரிசல்கூட விழவில்லை. 2015 மழை வெள்ளத்தின்போதும் அப்படியே நின்றது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் அடித்து ஓய்ந்த சில நாட்களில், குளியலறையை ஒட்டிய அறையில், ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரைவரை செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக ஏறிய ஒரு விரிசலைப் பார்த்தபோது, மழைதான் காரணம் என்று நானும் நினைத்தேன். ஆனால் நினைப்பை வைத்துக்கொண்டு பழைய வீட்டில் கைவைக்கக் கூடாது என்பதால்தான் இத்துறையில் அனுபவம் உள்ளதாகச் சொல்லும் தங்களை அழைத்தேன்.

தங்கள் பொறியாளர் வந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கைப்பேசியில் படம் எடுத்தார். சுவரின் செங்குத்தை அறியத் தூக்குக்குண்டு விடவில்லை, மட்டம் பார்க்க நீர் நிரப்பிய டியூப் லெவல் பிடிக்கவில்லை, ஓரிடத்தில்கூட மண்ணைத் தோண்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வந்த அறிக்கையில் ‘கடலோர மணலின் குறைந்த தாங்குதிறனும் கட்டிடத்தின் வயதும்’ காரணம் என்று ஒரே வரியில் முடிவு எழுதப்பட்டிருந்தது. அஸ்திவாரத்துக்கான நிலத்தடி ஆய்வுக்கு ஐ.எஸ். 1892 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, எத்தனை அடியில் குழாய் 30 செ.மீ. இறங்குகிறது என்று எண்ணி மண்ணின் இறுக்கத்தை அறியும் சோதனை ஐ.எஸ். 2131-ல் விளக்கப்பட்டுள்ளது. சிறிய வீட்டுக்கு இவ்வளவும் வேண்டாம் என்றே வைத்துக்கொண்டாலும், மண்ணையே பார்க்காமல் மண்ணின் தாங்குதிறன் குறைவு என்று எழுதியது எந்த அடிப்படையில் என்று கேட்க விரும்புகிறேன். மணல்தான் குற்றவாளி என்றால், அறுபத்தாறு ஆண்டுகள் அதே மணலின் மேல் அசையாமல் இருந்த வீட்டில், ஒரே ஒரு மூலை மட்டும் இப்போது இறங்குவானேன்?

தங்கள் ஆட்கள் பதினாறு துளைகள் போட்டுச் சிமெண்ட் கரைசலை அழுத்திச் செலுத்தி, விரிசலைப் பூசி மூடிவிட்டுப் போனார்கள். மே மாதம் அதே இடத்தில் விரிசல் மீண்டும் திறந்தது. கீழே 2 மி.மீ., மேலே 7 மி.மீ. அகலம். சுவரின் ஓரப் பகுதி இறங்கினால் விரிசல் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும் என்பதை எங்கள் தெருக் கொத்தனார் விளக்கினார். அவர் டியூப் லெவல் பிடித்துப் பார்த்ததில், அடிமட்டச் செங்கல் வரிசை தென்மேற்கு மூலையைவிட வடகிழக்கில் 22 மி.மீ. தாழ்ந்திருந்தது. விரிசல் மேலும் விரிந்தால் உடைந்து காட்டும்படி அதன் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒன்றை ஒட்டி, தேதியை எழுதி வைத்தேன். கோடை விடுமுறைக்கு மகள் குடும்பம் வந்து, அந்தக் குளியலறையை ஆறு பேர் பயன்படுத்திய பத்தாம் நாளில் பட்டை உடைந்தது. அவர்கள் ஊர் திரும்பியபின் குளியலறையைப் பூட்டி, வேறு பட்டை ஒட்டினேன். நாற்பது நாட்கள் கடந்தும் அது முழுசாக இருந்தது. காரணம் வானத்திலிருந்து வந்த தண்ணீர் அல்ல, வீட்டுத் தண்ணீர் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மூலையில் குழி தோண்டினோம். 1.2 மீட்டர் ஆழம்வரை வெறும் மணல்தான், களிமண் இல்லை. ஆகவே சற்றுத் தள்ளி நிற்கும் வேம்பு களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிச் சுருங்கவைத்தது என்ற சந்தேகமும் நீங்கியது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியோ எதிர்மூலையில் இருக்கிறது; ஆகவே அதுவும் காரணமல்ல. அஸ்திவாரத்தின் கடைசிச் செங்கல் வரிசைக்குக் கீழே என் கை முழங்கைவரை போனது; அங்கே மண்ணே இல்லை. குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றச் சொல்லிவிட்டுக் குழியருகே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு நிமிடங்களில், பழைய மண் குழாயின் உடைந்த இணைப்பிலிருந்து நீல நீர் கசிந்து, என் கண்ணெதிரே மணலைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டு ஓடியது.

என்னை மிகவும் வருத்துவது அடுத்துக் கண்டதுதான். தாங்கள் செலுத்திய சிமெண்ட் கரைசல் அந்தப் பொந்தை நிரப்பவில்லை. அதன் பக்கத்தில் ஒரு கட்டியாக உறைந்திருக்கிறது. இன்னொரு பகுதி உடைந்த இணைப்பு வழியே குழாய்க்குள் புகுந்து இறுகி, குழாயின் பாதியை அடைத்துவிட்டது. போக வழியில்லாத கழிவுநீர் முன்பைவிட அதிகமாக அஸ்திவாரத்தின் அடியில் இறங்கியிருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சிறு குழியும் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய காரணத்தைத் தேடாமல் இவ்வளவு பெரிய வேலையைத் தொடங்கியதைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லி என்னால் விட முடியவில்லை.

ஆகவே, செலுத்திய தொகை ரூ. 1,85,000 முழுவதையும் திருப்பித் தர வேண்டும். குழாயில் இறுகிய சிமெண்டை அகற்றிப் புதுக் குழாய் பதிக்கும் செலவையும் தாங்களே ஏற்க வேண்டும். வீட்டின் மண்ணையும் வயதையும் குறைசொல்லும் அந்த அறிக்கையை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும் என்பதையும் அதே அளவு முக்கியமாகக் கருதுகிறேன். நாளை வங்கியோ வேறு பொறியாளரோ அதைப் பார்த்தால் வீட்டையே இடிக்கச் சொல்லக்கூடும். பொந்தை நிரப்பும் வேலையைத் தங்களிடம் மீண்டும் ஒப்படைக்க எனக்கு விருப்பமில்லை.

ரசீது, அறிக்கை நகல், தேதியிட்ட கண்ணாடிப் பட்டைகள் மற்றும் குழியின் புகைப்படங்களை இணைத்துள்ளேன். குழியை இன்னும் மூடவில்லை. பக்கச் சரிவுக்குப் பலகை கொடுத்து, சுவருக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். தங்கள் பொறியாளர் ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து பார்க்கலாம். கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
வீட்டின் உரிமையாளர்