கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளையும் மேடைக்கு அழையுங்கள்

தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

பள்ளி முடித்து கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்கான பாராட்டு விழாப் பட்டியலில் என் மகள் பெயர் ஏன் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஹைஸ்கூல் டிப்ளமோ, அதாவது 12-ஆம் வகுப்பு முடித்த சான்றிதழின் நகல் கேட்டீர்கள். அவளிடம் இருப்பது கலிபோர்னியா அரசு தேர்வு வைத்துக் கொடுக்கும் புரொஃபிஷியன்சி (தகுதித் தேர்ச்சி) சான்றிதழ். "இது செல்லாதுங்க. படிப்பைப் பாதியில விட்டவங்களுக்கு எப்படிப் பொன்னாடை போடுறது?" என்று குழுவில் ஒருவர் போனில் கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் பாதியில் விடவில்லை. 10-ஆம் வகுப்பு முடித்து, 16 வயதில் மாநிலத் தேர்வு எழுதித் தேறி, எங்கள் சம்மதத்தோடு பள்ளியிலிருந்து விலகினாள். அந்தச் சான்றிதழ் ஹைஸ்கூல் டிப்ளமோவுக்குச் சமம் என்று மாநிலக் கல்விச் சட்டத்தின் 48412-ஆம் பிரிவு சொல்கிறது. பிறகு, பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் படிக்க உதவும் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில், இரண்டு ஆண்டுகளில் 60 யூனிட் (பாடங்களுக்கான கிரெடிட்) முடித்தாள். யூனிட்டுக்கு 46 டாலர் கணக்கில் 2,760 டாலர்தான் ஆனது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) டேவிஸ் வளாகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. கூடப் படித்தவர்கள் இப்போதுதான் முதலாம் ஆண்டில் சேர்கிறார்கள், இவள் நேராக மூன்றாம் ஆண்டில் சேர்கிறாள்.

இந்த இரண்டு வருடமும் விழாக்களில் அவளைப் பார்த்தவர்கள், "ஏன்மா ஸ்கூலை விட்டுட்டே? ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவதை நிறுத்திவிட்டாள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்க மட்டும் வந்தாள். அந்தப் போனுக்குப் பிறகு வகுப்பின் வருகைப் பதிவேட்டை என்னிடம் நீட்டி, "நீங்களே குடுத்துடுங்கம்மா" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

ஊரில் பத்தாவது முடித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கி, நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களை யாரும் பாதியில் விட்டவர்கள் என்று சொல்வதில்லை. பிறகு ஏன் இந்தப் பிள்ளைகளை மட்டும் அப்படிச் சொல்கிறோம்? ஆண்டுதோறும் நீங்கள் நடத்தும் கல்லூரி வழிகாட்டுக் கூட்டத்தில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுப் பயிற்சிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் பேசுகிறார்கள். யூசி வளாகங்கள் சேர்க்கையில் எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை. ஆறு யூசி வளாகங்கள், நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு உறுதியான இடம் தருகின்றன என்பதையும் சொல்வதில்லை. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் நம் குடும்பங்களுக்கு இது தெரிய வேண்டாமா?

சரி, அதை இன்னொரு நாள் பேசலாம். இப்போது கேட்பது ஒன்றுதான். விண்ணப்பத்தில் "டிப்ளமோ அல்லது அதற்குச் சமமான மாநிலச் சான்றிதழ்" என்று திருத்துங்கள். விழாவுக்கு முன்பே, என் மகளையும் அவளைப் போல வந்த மற்ற பிள்ளைகளையும் பட்டியலில் சேருங்கள். பொன்னாடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேடையில் அவர்கள் பெயரை வாசியுங்கள். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினரான ஒரு தாய்