வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் வட்டத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் இந்த ஆண்டுப் படிப்புக்கு ‘உலக வரலாற்றில் அரசுகளும் பேரரசுகளும்’ என்று தீர்மானம் போட்டோம். தலைப்பு கடல் அளவு. நமக்குக் கிடைப்பதோ மாதத்தில் ஒரு மாலை. அதனால் செயற்குழு கூடி ஒரு வரம்பு வைத்தது. யார் யாரை ஜெயித்தார்கள் என்பது பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஜெயித்த மறுநாள் காலையில் அந்த நாட்டை நடத்தியது யார், அவருக்குப் படி அளந்தது எங்கிருந்து, வசூலானதை எதில் எழுதி வைத்தார்கள் என்ற கேள்விகளை மட்டும் ஒவ்வொரு பேரரசிடமும் கேட்பது என்று முடிவானது. போர்க்கதை கேட்க ஆசைப்பட்ட சில உறுப்பினர்களுக்கு இதில் மனக்குறைதான். போகப் போக அவர்களும் கணக்குப்பிள்ளை கட்சிக்கு வந்துவிட்டார்கள்.

சுமேரியாவில் தொடங்கினோம். ஊருக் நகரத்தில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை. அவற்றில் பெரும்பாலும் இருப்பது பார்லி, பீர், ஆடு, கூலியாள் கணக்கு. காவியமெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது. பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டக் கல்தூணை அதே கூட்டத்தில் அவசரமாகப் பார்த்து முடித்தோம். அதற்குத் தனிக் கூட்டம் கேட்டவர்கள் அடுத்த செயற்குழுவில் பேசலாம்.

பாரசீகக் கூட்டம் கொஞ்சம் சூடாகவே நடந்தது. 1933இல் பழைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸின் மதில் பகுதியில் ஆயிரக்கணக்கில் களிமண் பலகைகள் கிடைத்தன. பேரரசர் முதலாம் தாரியஸ் காலத்தவை, ஏலாமிய மொழியில் எழுதியவை. எந்தக் கூலிக் கூட்டத்துக்கு எத்தனை அளவு தானியம், எந்த முத்திரைச் சீட்டின் பேரில் எந்தப் பயணிக்குச் சாப்பாடு என்று ஒவ்வொன்றும் பதிவாகியிருக்கிறது. பிள்ளை பெற்ற பெண் தொழிலாளிகளுக்குத் தனிப் படி உண்டு. ஆண் பிள்ளை என்றால் பெண் பிள்ளைக்குக் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு. இந்த இடத்தில் மகளிர் உறுப்பினர்கள் சொன்னவற்றை நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. தலைவர் மணியடித்து, இன்றைய ஈரானிலுள்ள சூசாவிலிருந்து துருக்கியிலுள்ள சார்டிஸ் வரை சுமார் 2,500 கிலோமீட்டர் ஓடிய அரச சாலைக்குப் பேச்சைத் திருப்பினார். அந்த வழியில் 111 தங்குமிடங்கள் இருந்தன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார்.

என்னைக் கேட்டால் இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் சீனக் கூட்டம்தான். கி.மு. 221இல் மற்ற நாடுகளையெல்லாம் விழுங்கிச் சீனாவை ஒரே அரசாக்கிய சின் மன்னரின் சுடுமண் படையைப் படத்தில் பார்க்காதவர் கிடையாது. நாம் எடுத்துக்கொண்டது அவருக்குக் கீழே எங்கோ வேலை பார்த்த ஓர் எழுத்தரின் கல்லறையை. 1975 டிசம்பரில் ஹூபெய் மாகாணத்து யுன்மெங் வட்டாரத்தில், ஷூய்ஹூதி என்ற இடத்தில் கால்வாய் வெட்டும்போது அது வெளிப்பட்டது. எழுத்தரின் பெயர் ஷீ. செத்த பிறகும் மனிதர் ஃபைலை விடவில்லை. உடலைச் சுற்றி 1,100க்கு மேற்பட்ட மூங்கில் ஏடுகள், அவற்றில் பாதிக்கு மேல் சட்டமும் நிர்வாக விதியும்.

அந்த விதிகள் சிலவற்றை உரக்க வாசித்தோம். களஞ்சியத்தில் மூன்று எலி வளை கண்டால் பொறுப்பாளருக்கு ஒரு கேடயத்தின் விலை அபராதம். இரண்டோடு நின்றால் கண்டிப்பு மட்டும். மூன்று சுண்டெலி வளை ஓர் எலி வளைக்குச் சமம். அரசாங்க உழவு மாட்டின் சுற்றளவு குறைந்தால், குறைந்த ஒவ்வோர் அங்குலத்துக்கும் அதை வைத்திருப்பவருக்குப் பத்து அடி. மேலிடத்தில் எதைக் கேட்டாலும் எழுத்தில்தான் கேட்க வேண்டும், வாய்வார்த்தை செல்லாது. தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர், சுண்டெலி விகிதம் வரைக்கும் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார்.

பெரிய விவாதம் அதற்கப்புறம்தான் வந்தது. சின் அரசு 15 ஆண்டில் சரிந்த கதையை ஹான் காலத்து வரலாற்றாசிரியர் சீமா சியென் எழுதியிருக்கிறார். கி.மு. 209இல் காவல் பணிக்குப் போன 900 பேர் மழையில் மாட்டிக்கொண்டார்கள். கெடு தப்பினால் தலை போகும் என்பதால், சாவது சாவோம், கலகம் செய்து சாவோம் என்று அவர்களில் சென் ஷெங்கும் வூ குவாங்கும் எழுந்தார்கள் என்பது கதை. ஷீயின் ஏட்டிலோ அரசு வேலைக்கு வரத் தாமதமானால் மூன்று முதல் ஐந்து நாளுக்குக் கண்டிப்பு, ஆறு முதல் பத்து நாளுக்கு ஒரு கேடயம், அதற்கு மேல் ஒரு கவசம் அபராதம் என்றிருக்கிறது. மழை வெள்ளம் என்றால் விலக்கே உண்டு! அப்படியானால் சீமா சியென் அடுத்து வந்த ஹான் அரசுக்குத் தோதாகக் கதை கட்டினாரா? ஏட்டிலுள்ள விதி கட்டாய வேலைக்குரியது, படைக் காவலுக்கு அது பொருந்தாது என்று ஒரு சாரார். சட்டம் காகிதத்தில் ஒன்றும் களத்தில் வேறுமாக இருந்திருக்கும் என்று மறு சாரார். வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும்வரை பேசினோம். என் கட்சி இரண்டாவது. அரசாங்க அலுவலகத்தில் கால் வைத்த எவரும் அந்தக் கட்சியில்தான் இருப்பார்கள்.

ரோமாபுரிக் கூட்டத்தில் இருக்கை போதவில்லை. சினிமாக்கள் செய்த உபகாரம். வந்தவர்களுக்கு நாம் காட்டியது சம்பளப் பட்டியல். ஓய்வு பெறும் படைவீரர்களுக்குக் கொடுக்கவென்றே அகஸ்டஸ் கி.பி. 6இல் தனிக் கருவூலம் வைத்து, வாரிசாக வரும் சொத்தின் மீது 5 சதவீத வரி போட்டார். சீமான்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் படை அடங்கியிருந்தது. 193இல் மெய்க்காவல் படையினர் பேரரசரைக் கொன்றுவிட்டு அரியணையை ஏலத்துக்கு விட்டார்கள். சிப்பாய் ஒருவருக்கு 25,000 செஸ்டர்ஸ் நாணயம் தருவதாக ஏலம் கேட்டு டிடியஸ் ஜூலியானஸ் எடுத்தார், 66 நாள் ஆண்டார். பின் வந்த செப்டிமியஸ் செவரஸ் 211இல் சாகும்போது, ஒற்றுமையாய் இருங்கள், சிப்பாய்களுக்கு வாரிக் கொடுங்கள், மற்றவர்களைச் சட்டை செய்யாதீர்கள் என்று மகன்களுக்குச் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். அந்த வருஷமே மூத்தவன் காரகல்லா இளையவனைக் கொன்றான். நடுவிலிருந்த புத்திமதியை மட்டும் தவறாமல் பின்பற்றினான், சம்பளம் ஏறியது. வெள்ளி ஏறவில்லை. 260களின் முடிவில் நாணயத்தில் இருந்த வெள்ளி 5 சதவீதத்துக்கும் கீழே. பொருளாளர் இதைக் கேட்டு அடைந்த மகிழ்ச்சி கண்கொள்ளாக் காட்சி. சந்தாவை உயர்த்தச் சொல்லி அவர் கொடுத்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இன்கா கூட்டத்தன்று மழை. சின் சட்டப்படி விலக்கு உண்டு என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் பலர் வரவில்லை. நஷ்டம் அவர்களுக்குத்தான். தென் அமெரிக்காவில் எழுத்தே இல்லாத பேரரசு அது. கிப்பு என்ற கயிற்று முடிச்சுகளில் கணக்கு வைத்தார்கள். முடிச்சு இருக்கும் இடத்தை வைத்து ஒன்று, பத்து, நூறு என்று படிக்கலாம். 1532இல் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோவின் 168 பேர் காஹமார்க்கா நகரில் இன்கா மன்னர் அதாவால்பாவைப் பிடித்தபின் அரசு உடைந்தது, முடிச்சுக்காரர்கள் வேலையை நிறுத்தவில்லை. பெருவின் ஹௌஹா பள்ளத்தாக்கின் தலைவர்கள், ஸ்பானியருக்குக் கொடுத்த சோளம், லாமா, துணி, சுமைகூலிகள் எல்லாவற்றையும் வருஷவாரியாக முடிந்து வைத்திருந்தார்கள். ஸ்பானியர் கேளாமல் கொள்ளையடித்தவற்றுக்குத் தனி முடிச்சு. 1561இல் லிமா நீதிமன்றத்தில் அந்தக் கயிறுகளை விரித்து வைத்து வாசித்துக் காட்டினார்கள். ஜெயித்தவனின் நீதிமன்றம் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டது. மன்னன் போய் ஒரு தலைமுறை ஆகியும் கணக்குப்பிள்ளை இருந்தான்.

கணக்கு வைப்பதை இத்தனை புகழ்ந்த பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி பற்றியும் சொல்ல வேண்டும். 1765இல் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமிடமிருந்து வங்காளம், பீகார், ஒரிசாவின் வரி வசூல் உரிமையான திவானியை ராபர்ட் கிளைவ் வாங்கினார். ஒரு வியாபாரக் கம்பெனி அரசாங்கமானது அந்தச் சாசனத்தோடுதான். 1770இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். 1772இல் கம்பெனியின் வங்காள ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், மக்களில் மூன்றில் ஒரு பங்காவது மாண்டிருப்பார்கள் என்கிறார். அதே கடிதத்தில், 1771ஆம் ஆண்டின் நிகர வசூல் 1768ஐயும் விஞ்சியது என்றும், பலவந்தமாகவே அது பழைய அளவில் வைக்கப்பட்டது என்றும் எழுதுகிறார். கணக்கு ஒரு காசு பிசகவில்லை, ஊர்தான் காலி. இதை வாசித்த அன்று கேள்வி நேரம் நடக்கவில்லை. தேநீரும் மிஞ்சிப்போனது.

சோழர் எங்கே என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வந்தது. அவர்களுக்காகக் கடைசி மாதம் உத்திரமேரூர் சென்று வந்தோம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைக் கோயில் சுவரிலேயே பார்த்தோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் என்ற வரியை வழிகாட்டி காட்டியதும், பொருளாளர் குடும்பத்தோடு வந்திருப்பது எல்லார் நினைவுக்கும் வந்தது. வேன் ஏற்பாடு செய்த உறுப்பினருக்கு வட்டத்தின் நன்றி.

இனி அலுவல் விஷயங்கள். நாம் கூடும் மண்டபம் முகூர்த்த நாட்களில் கிடைப்பதில்லை. முன்பணம் கொடுத்தும் இரு முறை கடைசி நேரத்தில் கைவிரித்தார்கள், மாடியில் பாய் விரித்து நடத்தினோம். வேறு இடம் தெரிந்தவர்கள் சொல்லவும். நூலகத்திலிருந்து எடுத்துப் போன ரோம வரலாற்று நூல்கள் பல திரும்பவில்லை. யார் யாரிடம் எது என்பது பதிவேட்டில் இருக்கிறது, பெயர் வாசிக்கும் நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம். ஒட்டோமான், மாலி, மஜபாகித் அரசுகளுக்கு நேரம் கிடைக்கவில்லை. இதே பொருளை இன்னோர் ஆண்டுக்கு நீட்டிக்கும் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது.

அடுத்த செயற்குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கலாம் என்று இளைய உறுப்பினர்கள் எழுத்துமூலம் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்