ஹால் காட்சிக்கு மறுநாளையும் எழுதுங்கள்

ராத்திரித் தொடர்களுக்குக் கதையும் வசனமும் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி ஜில்லாவில், குலசேகரம் பக்கத்து ரப்பர் ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். குடும்பமே ஹாலில் கூடி நின்று குடிக்கிற மூத்த மகனை மடக்கிக் கேட்ட அந்த எபிசோடை எங்கள் தெருவில் பார்க்காத வீடு குறைவு. நன்றாகவே எழுதியிருந்தீர்கள். அவனைத் தள்ளாட வைத்துச் சிரிப்புக் காட்டவில்லை, "உன் காசிலயா குடிக்கேன்" என்று அவன் அம்மாவிடமே எகிறியது அப்படியே நிஜம், காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியதைக் கூட விடாமல் காட்டினீர்கள்.

அடுத்த எபிசோடில்தான் எல்லாவற்றையும் கெடுத்தீர்கள். அம்மா தலையில் அடித்துச் சத்தியம், பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்தல், ரூமில் வைத்துப் பூட்டல், ஒரு பாட்டு, ஆள் வெள்ளைச் சட்டையில் கோயிலில் நிற்கிறான். முடிந்தது.

சத்தியத்தைப் பற்றி எங்கள் ஜில்லாவுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் தொடமாட்டார்கள், தவக்காலம் வந்தால் ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டார்கள், மாலையைக் கழற்றிய ராத்திரியே பழைய கணக்கு. அதைவிட மோசம், அந்த 41 நாளே அப்புறம் அவர்களுக்குச் சாட்சியாகிவிடும்: "நான் நெனச்சா நிறுத்துவேன், பாத்தியளா இல்லியா?" சரி, இவர்களில் பலருக்கு உடம்பு தாங்கிவிடுகிறது. எழுந்ததும் கைநடுக்கத்தை அடக்க ஒரு கட்டிங் தேவைப்படுகிற ஆளுக்குத் தாங்காது, நீங்கள் எழுதிய மூத்த மகன் அந்த ரகம். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை, இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்கும் இல்லாத பூச்சியும் இல்லாத ஆளும் கண்ணுக்குத் தெரிந்து புத்தி தடுமாறலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். இந்த நிலைமையில் இருக்கிறவனைத்தான் நீங்கள் ரூமில் பூட்டி, வெளியே மனைவியைச் சாமி கும்பிட வைத்தீர்கள்.

எங்கள் வீட்டில் இது நடந்தது. அண்ணன் பால்வெட்டுக்காரன், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. விடிய முன்னால் எழுந்து மரம் கீறி, பால் எடுத்து, அதை உறைய வைத்து ஷீட் அடித்து முடித்ததும் அவனுக்குக் குடியைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. வீட்டில் சண்டை முற்றி ஒருநாள் நிறுத்தினான். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்று உள்ளங்கையால் அடித்துக்கொண்டே இருந்தான், செத்துப்போன மாமா வாசலில் நிற்கிறார் என்றான். பேயடித்துவிட்டது, மந்திரிக்க ஆளைக் கூப்பிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா மட்டும், "மயிரு பேய், வண்டிய எடுங்க" என்று கத்தியதால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள், நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் அளவைக் குறைத்தார்கள். நீங்கள் ஒரே ஒரு பாட்டைப் போட்டுத் தாண்டிப் போனது இத்தனையையும்தான்.

மருமகள் ரசத்தில் மாத்திரை கலக்கிற சூழ்ச்சிக்கு வருகிறேன். அதைப் பார்த்துவிட்டு "அந்த மாத்திரை எங்க கிட்டும்?" என்று மயினியிடமே, அதாவது அண்ணன் மனைவியிடமே, ஒருத்தி கேட்டாள். குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்ஃபிரம் மாதிரி மருந்தை உள்ளே வைத்துக்கொண்டு ஒருவன் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து சாகவும் கூடும். அதனால்தான் அவனுக்குத் தெரிந்து, அவன் சம்மதித்து, டாக்டர் பார்வையில் கொடுக்கிறார்கள். தெரியாமல் கலந்து கொடுப்பதைக் கெட்டிக்காரத்தனமாகக் காட்டி, பின்னால் வீணை வேறு வாசிக்கிறீர்கள்.

அந்த மருமகள் செய்கிற மற்ற வேலைகளும் இப்படித்தான். ஆபீசுக்குப் போன் பண்ணி "அவருக்குக் காய்ச்சல்" என்கிறாள், கடன்காரனுக்குத் தன் வளையலைக் கழற்றிக் கொடுக்கிறாள், வாந்தியைத் துடைத்துவிட்டு மாமியாரிடம் மறைக்கிறாள். இதையெல்லாம் பத்தினித்தனம் என்று எழுதுகிறீர்கள். மயினியும் வருஷக்கணக்கில் இதையே செய்தாள், எஸ்டேட்காரருக்குப் பொய் சொல்லிச் சொல்லி அவள் வாய்தான் அலுத்தது. அவள் போன் பண்ணுவதை நிறுத்திய வாரம்தான் அண்ணனுக்கு முதன்முதலாக வேலை போகுமென்று பயம் வந்தது. குடிக்கிறவரின் வீட்டாருக்கென்றே 1951-இல் தொடங்கிய ஆல்-அனான் என்று ஓர் இயக்கம் இருக்கிறது, ஒருவரின் குடியை வீட்டார் உண்டாக்கவும் இல்லை, குணப்படுத்தவும் முடியாது என்பது அங்கே பாலபாடம். உங்கள் ஆயிரம் எபிசோடில் ஒரு பெண்ணாவது அப்படி ஒரு கூட்டத்தில் போய் உட்காரலாமே.

இன்னொரு சந்தேகம். உங்கள் தொடரில் பாட்டில் எங்கிருந்து வருகிறது? பீரோவுக்குள் முளைக்கிறதா? 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில், அந்தக் கடை வாசலை மட்டும் உங்கள் கேமரா பார்ப்பதே இல்லை. உண்ணாமலைக்கடை என்ற ஊரில் இருந்த ஒரு மதுக்கடையை எடுக்கச் சொல்லி, மதுவிலக்குக்காகப் போராடிய சேலத்துக்காரர் சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் ஏறி, 2015 ஜூலை 31 அன்று உயிர்விட்ட ஜில்லா இது. எல்லாப் பழியையும் ஒரு மகனின் பலவீனத்திலும் ஒரு மருமகளின் ராசியிலும் போட்டு முடிக்கும்போது எங்களுக்குக் கோபம் வராதா?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. திரையின் அடியில் ஓடுகிற "குடி குடியைக் கெடுக்கும்" எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும், அதன் பக்கத்தில் 14446 என்ற இலவச உதவி எண்ணையும் ஓட விடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, எங்களுக்கு ஆசாரிப்பள்ளம், அங்கே போய் வரிசையில் நிற்கிற ஒரு காட்சிக்குச் செட்டும் வேண்டாம், செலவும் இல்லை. நல்லானபிறகு அந்த மகன் ஒருமுறை மறுபடி குடிக்கட்டும், வீடு இடிந்து விழாமல் அவனை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது.

டூயட் எடுக்கத் திற்பரப்புக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் வருகிறீர்கள் அல்லவா, அடுத்த தடவை ஒரு காலையை எங்களுக்கு ஒதுக்குங்கள். பால்வெட்டு முடிந்து, மதியம் பன்னிரண்டுக்குக் கடை திறக்கிறதுக்கு முந்தின நேரமாகப் பார்த்து வாருங்கள். மயினி பேசத் தயாராக இருக்கிறாள், அண்ணனையும் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
குலசேகரத்திலிருந்து ஒரு தங்கச்சி