சி மொழிப் பாடத்தில் விடுபடும் மூன்று வரிகள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்காக வெளியாகும் சி மொழி வினா-விடைப் பகுதியைத் தவறாமல் படித்துவருகிறேன். சென்ற வாரம் அதில், மாணவர் பெயர்களையும் மதிப்பெண்களையும் கோப்பில் எழுதிவைக்கும் நிரல் ஒன்று மாதிரி விடையாக அச்சாகியிருந்தது. எஃப்ஓப்பன் கோப்பைத் திறக்கிறது. அடுத்த வரியிலேயே எஃப்பிரின்ட்எஃப் எழுதத் தொடங்கிவிடுகிறது. கோப்பு உண்மையில் திறந்ததா என்று பார்க்கும் வரி எங்குமே இல்லை. பாலிடெக்னிக் கணினி ஆய்வகத்தில் 26 ஆண்டுகள் இதே பாடத்தை நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு, அதை அச்சில் நேர்ந்த விடுபடல் என்று எண்ணிக் கடந்துபோக மனம் வரவில்லை.

எஃப்ஓப்பன் நமக்குத் தருவது கோப்பை அன்று, ஒரு ஸ்ட்ரீமை. வட்டில் உள்ள கோப்புக்கும் நம் நிரலுக்கும் நடுவே பைட்டுகள் வரிசை குலையாமல் ஓடும் வாய்க்கால் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. அந்த வாய்க்காலில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம், பிழை ஏதும் நேர்ந்ததா, கோப்பின் முடிவைத் தொட்டாயிற்றா என்னும் குறிப்புகளையும், பைட்டுகளைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் பஃபரையும் ஃபைல் என்னும் கட்டமைப்புக்குள் வைத்துக்கொண்டு, அது நினைவகத்தில் இருக்கும் இடத்தைச் சுட்டும் பாயின்டரை மட்டும் சி மொழியின் செயற்கூறு நூலகம் நம் கையில் கொடுக்கிறது. கோப்பு இல்லாவிட்டாலோ, அனுமதி மறுக்கப்பட்டாலோ அந்தப் பாயின்டர் எதையும் சுட்டாத 'நல்' ஆகத் திரும்பும். விண்டோஸ் கணினியில் பாதையை எழுதும் மாணவர் பின்சாய்கோட்டை ஒற்றையாக இட்டு, அதையடுத்த அடைவின் (ஃபோல்டரின்) பெயரும் சிறிய 'என்' எழுத்தில் தொடங்கிவிட்டால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் இரண்டையும் சேர்த்துப் புதுவரிக் குறியாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயரில் கோப்பு எங்கே இருக்கப்போகிறது? 'நல்' வந்ததைப் பார்க்காத நிரல் அடுத்த வரியில் பெரும்பாலும் முறிந்து விழும்; மாணவரோ எஃப்பிரின்ட்எஃப் வரியில் பிழை தேடிக்கொண்டிருப்பார். பிற்பகல் ஆய்வக நேரம் முழுவதும் இப்படியே கழிந்த நாள்கள் பல. 'நல்' என்றால் பி-எரர் வழியாகக் காரணத்தை அச்சிட்டுவிட்டு வெளியேறு என்று மூன்றே வரிகள் இருந்திருந்தால், கோப்பு திறக்கவில்லை என்று கணினியே சொல்லியிருக்கும்.

ஆயினும், இதைவிடப் பெரிய இழப்பு கோப்பு சரியாகத் திறந்துவிடும்போதுதான் நேர்கிறது. என்னிடம் படித்த மாணவர் ஒருவர், தம் ஊர்ச் சங்கத்தின் இரண்டு ஆண்டுச் சந்தாக் கணக்கை நோட்டிலிருந்து கணினியில் ஏற்றிவைத்துவிட்டு, மாதாமாதம் புது வரவைச் சேர்க்க ஒரு நிரலும் எழுதினார். திறக்கும் முறையாக அவர் கொடுத்தது 'டபிள்யூ'. முதல் முறை ஓட்டியதுமே பழைய கணக்கு முழுவதும் போய்விட்டது. "மேடம், நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லையே, அதற்குள் எப்படி அழிந்தது?" என்று மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்து நின்றார். 'டபிள்யூ' முறையில் திறக்கும் அந்தக் கணத்திலேயே, பழைய கோப்பின் நீளம் சுழியமாக்கப்படுகிறது. எழுதுவது, எழுதாமல் விடுவது எல்லாம் அதற்குப் பின்னர் வரும் செய்தி. நான் கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதிப்போட்டதோ 'டபிள்யூ: எழுதுவதற்கு' என்பது மட்டுமே. பழைய நோட்டு பரணில் இருந்ததால் அவரும் அவர் தங்கையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்து முடித்தார்கள். அடுத்த ஆண்டு முதல், திறக்கும் முறைகளில் எது பழையதை அழிக்கும், எது அழிக்காது என்பதைச் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தைத் தொடங்கியதில்லை.

முடிவில் சேர்ப்பதற்கு 'ஏ' இருக்கிறது. இருப்பதை வைத்துக்கொண்டே படிக்கவும் திருத்தவும் 'ஆர் பிளஸ்' இருக்கிறது. ஆனால் அதில் படிப்பதிலிருந்து எழுதுவதற்கு மாறும்போது இடையில், ஸ்ட்ரீமில் நிற்கும் இடத்தை மாற்றும் எஃப்சீக் போன்றதொரு செயற்கூறை அழைத்தாக வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் திறக்கவே மறுக்கும் 'டபிள்யூ எக்ஸ்' முறையை 2011-ஆம் ஆண்டுத் தரநிலை கொண்டுவந்தது. சென்ற நூற்றாண்டின் கம்பைலரான டர்போ சி-யை இன்னும் வைத்திருக்கும் ஆய்வகங்களில் மாணவர் இதைச் செய்துபார்க்க வழியில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். கோப்பு முழுவதையும் மாற்றி எழுத வேண்டியிருந்தால், தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி, அது பிழையின்றி மூடப்பட்டதை உறுதிசெய்துகொண்டு, பின்னர் பழைய பெயரை அதற்குச் சூட்டுவதே பாதுகாப்பு; லினக்ஸில், பெயர் மாற்றும் ரீநேம் இதை ஒரே அடியில் முடித்துவிடும்.

பிழையின்றி மூடப்பட்டதை என்று சொன்னேன். கோப்பை மூடும் எஃப்குளோஸை ஏதோ மரியாதைக்காக எழுதும் கடைசி வரி போலவே மாதிரி விடைகள் நடத்துகின்றன. அது திருப்பித்தரும் மதிப்பை எவரும் பார்ப்பதில்லை. எஃப்பிரின்ட்எஃப் எழுதுவது பெரும்பாலும் பஃபரில்தான். வட்டுக்கு அனுப்பும் வேலை எஃப்குளோஸ் வரை தள்ளிப்போகலாம். வட்டில் இடமில்லை என்னும் உண்மையும் அப்போதுதான் வெளிப்படும். இதை மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட லினக்ஸில் எளிய வழி உண்டு. 'டெவ்' அடைவுக்குள் 'ஃபுல்' என்னும் சிறப்புக் கோப்பு இருக்கிறது. எப்போதும் நிரம்பிய வட்டைப் போல நடந்துகொள்வதே அதன் வேலை. அதைத் திறந்து 'வணக்கம்' என்று எழுதச் சொன்னால், எஃப்பிரின்ட்எஃப் 21 பைட்டுகளை எழுதிவிட்டதாகவே சொல்லும். தோல்வியைச் சொல்வது எஃப்குளோஸ் மட்டுமே. நான் சொன்ன எந்த விளக்கத்தையும் விட இந்த ஐந்து நிமிடச் சோதனை என் மாணவர்களின் மனத்தில் நன்றாகப் பதிந்தது. மூடவே மறப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு: பல லினக்ஸ் கணினிகளில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்துவைத்திருக்கக்கூடிய கோப்புகளின் வழக்கமான வரம்பு 1024, உள்ளீடு, வெளியீடு, பிழை ஆகிய மூன்றும் அதில் அடங்கிவிடுவதால், மூடாமல் திறந்துகொண்டே போகும் சுழல் 1022-ஆம் முறை 'நல்' பெறும்.

'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. யூனிகோடில் புள்ளிகளும் தனியே எண்ணப்படுவதால் ஏழு குறிகள். அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஸ்ட்ரீமுக்குத் தெரிந்தது அந்த 21 பைட்டுகள் மட்டுமே. 12 இடங்கள் கொண்ட வரிசையில் வரியைப் படிக்கும் எஃப்கெட்ஸ் கொண்டு அதைப் படித்தால், முடிவுக் குறிக்கு ஓர் இடம் போக 11 பைட்டுகள் வந்து, ககரத்தின் மேலுள்ள புள்ளி நடுவில் வெட்டுண்டு நிற்கும். தமிழில் பெயர்ப்பட்டியல் வைக்க விரும்பும் நம் மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தருவது நம் பாடநூல்களின் கடமை.

பைனரி முறையைக் குறிக்கும் 'பி' பற்றியும் மாதிரி விடை மௌனமாகவே இருக்கிறது. லினக்ஸில் அதனால் வேறுபாடில்லை. விண்டோஸிலோ உரை முறையில் படிக்கும்போது வரி முடிவைக் குறிக்கும் 13, 10 என்னும் இரு பைட்டுகள் ஒன்றாகச் சுருங்கும். 26 என்னும் பைட்டு கோப்பின் முடிவாகக் கொள்ளப்படும். பிஎன்ஜி படங்களின் முதல் எட்டு பைட்டுகளில் இந்த மூன்றையும் அதை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். 'பி' இல்லாமல் திறந்தால் ஐந்து பைட்டுகளோடு படம் முடிந்துபோகும். தவறு தொடக்கத்திலேயே பிடிபட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

தேர்வில் எஃப்ஓப்பனின் தொடரமைப்புக்கு இரண்டு மதிப்பெண், முறைகளின் அட்டவணைக்கு ஐந்து மதிப்பெண் என்று வழங்கும்வரை, சோதிக்கும் வரிகளை எழுதிய மாணவருக்கும் எழுதாதவருக்கும் விடைத்தாளில் வேறுபாடு தெரியாது. விடைத்தாள் திருத்தும்போது அந்த வரிகளுக்கெனத் தனியே ஒரு மதிப்பெண் ஒதுக்குமாறு துறைக் கூட்டங்களில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பணியில் இருக்கும் ஆசிரியர்கள் இனியேனும் அதைச் செய்ய வேண்டுகிறேன்.

தங்கள் இணைப்பைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்துப் படிக்கும் மாணவர்களை நான் அறிவேன். ஆகவே, சென்ற வார விடையை அடுத்த இதழில் திருத்தி, எஃப்ஓப்பனுக்குக் கீழே 'நல்' சோதனையையும், இறுதியில் எஃப்குளோஸின் விடையைப் பார்க்கும் வரியையும் சேர்த்து, 'டபிள்யூ' என்பதற்கு எதிரே 'பழைய கோப்பை அழித்துவிட்டு எழுதும்' என்று முழுமையாக அச்சிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினித் துறை விரிவுரையாளர்,
திருநெல்வேலி